எஞ்சினைக் கொஞ்சம் பார்க்க விடுங்கய்யா!

கேமராவைத் தூக்கிக்கொண்டு நீலகிரி மலை ரயிலில் ஏறுகிறவன் போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தான் என்று யாராவது சொன்னால் தேவலை.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டி. முன்பதிவு திறந்த நொடியில் அடித்துப்பிடித்து வாங்கிய டிக்கெட். எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அந்த எக்ஸ் வகை நீராவி எஞ்சின், புகையோடு, முழுசாக. குன்னூரைத் தாண்டினால் ஊட்டி வரைக்கும் டீசல்தான். ஆக, கையில் இருப்பது காலை நேரம் மட்டும்.

அதிலும் ஒரு சங்கடம். ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது. கல்லாறைத் தாண்டியதும் பல்சக்கரப் பாதை, அதாவது எஞ்சினின் பல்சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்வரிசையைக் கவ்விக்கொண்டு ஏறும் பாதை. 12 அடி போனால் சுமார் ஓர் அடி ஏற்றம். பெட்டிகள் பின்னால் உருண்டுவிடக் கூடாதே என்று எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்று முட்டுக் கொடுத்துத் தள்ளும். வண்டி வளைந்தால்தான் ஜன்னலில் இருந்து அது கண்ணில் படும். மொத்தப் பாதையில் 208 வளைவுகள், குறைச்சலே இல்லை. ஆனால் வளைவு வந்ததும் எனக்கும் எஞ்சினுக்கும் நடுவே வாழைத்தார் மாதிரி கைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு போன். அதில் பாதிப்பேர் எடுப்பது எஞ்சினையும் இல்லை, மலையையும் இல்லை, தங்கள் மூஞ்சியை!

(குகைக்குள் போகும்போது 'ஓஓஓ' என்று கத்துவதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நானும் கத்துவேன்.)

சரி, வழியில் வரும் ஹில்குரோவ் நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். அங்கே தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். பெட்டியிலிருந்து குதித்து, குரங்குகளைத் தாண்டி, பின்பக்கம் ஓடினேன். எஞ்சின் மேலே ஒருவர் ஏறி நின்று தொட்டிக்குள் குழாயை விட்டுக்கொண்டிருந்தார். கீழே இன்னொருவர் எண்ணெய்க் கேனோடு குனிந்து இணைப்புகளுக்கு எண்ணெய் விட்டார். அடியிலிருந்து நீராவி புஸ்ஸென்று கசிய, மரங்களுக்கு நடுவே வந்த வெயில் அதில் பட்டு நின்றது. இதற்காகத்தானே வந்தேன்!

கேமராவைக் கண்ணில் வைத்தால் ஒரு குரங்குக் குல்லா. அவர் நகர்ந்தார் என்று பார்த்தால் அவருடைய மொத்தக் குடும்பமும் வந்து எஞ்சினில் சாய்ந்தது. அப்புறம் ஒரு பெண் போனில் பாட்டைப் போட்டு ரீல்ஸுக்காக ஏழு முறை துப்பட்டாவை வீசினார். ஏழு! எண்ணினேன், வேறு என்ன வேலை எனக்கு? செல்ஃபி எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுங்கள், எடுத்துவிட்டு நகருங்கள். ஒட்டிய புளியங்கொட்டை மாதிரி அங்கேயே நிற்பானேன்?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஒரு பையன் தண்டவாளத்தில் இறங்கி, எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு, கையை விரித்து நின்றான் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கொதித்தது. ரயில்வே ஆள் விசில் ஊதுகிறார், கத்துகிறார். இவன் "ஒரு நிமிஷம்ண்ணா" என்கிறான். கொதிக்கிற நீரோடு நிற்கிற இரும்பு மலைக்கு இவனுடைய நிமிஷக் கணக்கு தெரியுமா?

விசில் அடித்ததும் எல்லோரும் பெட்டிக்கு ஓடினார்கள். மூன்று விநாடி எஞ்சின் மட்டும் தனியாக நின்றது. அமுக்கினேன். வண்டியில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தால், சிம்னியை மறைத்துக்கொண்டு ஒரு முழங்கை.

யாருடைய முழங்கை என்று யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. எதிர் இருக்கையில் குரங்குக் குல்லா. "பெரிய கேமராவா இருக்குதுங்களே தம்பி, எங்க போட்டோவும் விழுந்திருக்குமே, வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்றார்.

அனுப்பினேன். முழங்கையை மட்டும் வெட்டி.