கிரீம் டப்பாவில் விஷமாம்!

கடையில் விற்கும் கிரீமில் விஷம் இருக்கிறது என்று ஒரு பெண்மணி பேசும் அந்தக் காணொலியை எனக்கு அனுப்பாத உறவினர் இனி யாரும் பாக்கியில்லை. போதும், நிறுத்திக்கொள்ளுங்கள். டப்பாவைத் திருப்பி 'சீட்டைல் ஆல்கஹால்', 'பாலிசார்பேட்' என்று படித்துப் படித்து உச்சுக்கொட்டுகிறார் அந்தப் பெண்மணி. எமல்சிஃபையர் எல்லாமே விஷமாம். கற்றாழையையும் தேங்காய் எண்ணெயையும் மிக்ஸியில் அடித்துப் பூச வேண்டுமாம்.

எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. ஒரு முனையால் தண்ணீரையும் மறுமுனையால் எண்ணெயையும் பிடித்து நிறுத்துவதுதான் எமல்சிஃபையர். அது இல்லாமல் கிரீம் இல்லை. முட்டை மஞ்சள் கருவின் லெசித்தினும் அதே வேலையைத்தான் செய்கிறது. பாலிசார்பேட் 80 ஐஸ்கிரீமிலும் இருக்கிறது, சில தடுப்பூசிகளிலும் இருக்கிறது. சீட்டைல் ஆல்கஹால் மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள், தோலை உலர்த்தாது. பெயரில் ஆல்கஹால் இருந்தால் போதும், கிரீமுக்கும் மதுவிலக்கு கொண்டுவந்துவிடுவார்கள்!

'அப்படியானால் எல்லாமே நல்லதா?' என்று கிளம்பி வருவீர்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவே இல்லை. சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் கலந்த அக்வஸ் கிரீம் (வறண்ட தோலுக்கான ஒரு சாதாரண கிரீம்), எக்ஸிமா எனும் தோல் அழற்சி உள்ள குழந்தைகளின் தோலில் எரிச்சல் உண்டாக்கலாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2013இல் எச்சரித்தது. எந்தப் பொருள், எவ்வளவு, யாருடைய தோலில் என்று பார்த்துச் சொன்ன எச்சரிக்கை அது. 'பெக்' (பாலிஎத்திலீன் கிளைக்கால்) வகை எமல்சிஃபையர்களில் டையாக்சேன் என்ற நச்சு மாசு இருக்குமே என்கிறீர்களா? துளியளவு தங்கலாம், தயாரிப்பின்போதே நீக்கவும் முடியும். இயற்கை என்கிறீர்களா? ஆட்டு ரோமத்து லானோலினுக்கே சிலருக்கு ஒவ்வாமை வருகிறது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? அம்மாவுக்குச் சர்க்கரை நோய், குதிகாலில் பித்தவெடிப்பு. தோலை மென்மையாக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த யூரியா கிரீமை அந்தக் காணொலியைப் பார்த்து நிறுத்திவிட்டார். ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணம்: மேலே வெள்ளையாக உறைந்த எண்ணெய், அடியில் பச்சைத் தண்ணீர், விளிம்பெல்லாம் கறுப்புப் பூஞ்சை. கிருமித் தடுப்புப் பொருள் இல்லாத அந்தத் தண்ணீரைத்தான் ரத்தம் கசியும் வெடிப்பில் தடவிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயாளியின் காலில்! 'பூசாதே அம்மா' என்றேன். 'உனக்கு என்ன தெரியும், சும்மா இரு' என்றார். என்னை பார்மசி படிக்க வைக்க வளையலை அடகு வைத்தவர் சொல்கிறார் இதை.

'கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?' என்று நேற்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். ஒன்றும் கொடுக்கவில்லை அண்ணா. அந்தப் பெண்மணிதான் இப்போது 'கெமிக்கல் இல்லாத' கிரீம் விற்கிறார். எண்ணெயும் தண்ணீரும் அதில் எப்படிப் பிரியாமல் நிற்கின்றன, என்ன சேர்த்தீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பிளாக் செய்துவிட்டார்.