ஆமாம், நான் விருதுநகர்க்காரன்தான்

நேற்றைய டிவி விவாத நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பேச வந்த விஷயம் என்னவோ கூட்டணி. பதில் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டதும், அதில் பேச வந்த ஒரு அண்ணன் எடுத்துவிட்டார் பாருங்கள்: "காமராஜரையே தோற்கடித்த ஊர்க்காரர்கள் நன்றியைப் பற்றிப் பேசலாமா?" நெறியாளருக்கு ஒரே சிரிப்பு. காலையிலிருந்து அந்தத் துண்டை எனக்கு அனுப்பாத நண்பன் இல்லை.

சரி, தோற்றார். 1967 சட்டமன்றத் தேர்தல். திமுகவின் பெ. சீனிவாசனுக்கு 33,421 ஓட்டு, காமராஜருக்கு 32,136. வித்தியாசம் 1,285. அந்த 32,136 ஓட்டும் என்ன, நாகர்கோவிலிலிருந்து லாரியில் வந்து இறங்கியதா? அதுவும் எங்கள் தொகுதி போட்டதுதானே?

அதே தேர்தலில் முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அமைச்சர்கள் ஏறக்குறைய எல்லோரும் தோற்றார்கள். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடு என்று மாநிலமே கொதித்துப்போய் ஓட்டுப் போட்டது. பழி மட்டும் எங்கள் ஊருக்கு. 1962இல் அண்ணா சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றாரே, "அண்ணாவைத் தோற்கடித்த ஊர்" என்று காஞ்சிபுரத்துக்காரர் யாரையாவது கேட்டிருக்கிறீர்களா? அங்கே பட்டுப்புடவை விலையைத்தான் கேட்பீர்கள்.

எங்கள் பாட்டி அந்தத் தேர்தலில் உதயசூரியனுக்குப் போட்டவர். மறைத்ததே கிடையாது. "கடை வாசல்ல நாள் பூரா நின்னு, புழுத்த அரிசிய வாங்கியாந்து பொடைச்சவளுக்குத்தான்டா தெரியும்" என்பார். காமராஜர் மேல் கோபமா என்று கேட்டால் முறைப்பார். "அவரு மேல எனக்கென்ன கோவம்? அவரு கட்சி மேலதான்." இதே பாட்டிதான் 1975 அக்டோபர் 2 அன்று, அவர் போன செய்தி கேட்டு, வீட்டில் உலை வைக்கவில்லை. இவரையா நன்றி கெட்டவர் என்கிறீர்கள்?

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருஷம் பூராவும் அவர்களுக்கு விருதுநகர் என்றால் மார்க்கெட் நிலவரம்தான். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், வத்தல், உளுந்து. காமராஜர் பிறந்த நாளான ஜூலை 15 நெருங்கினால்தான் இங்கே மனிதர்களும் இருக்கிறார்கள் என்று ஞாபகம் வரும். ஒரு வருஷம் ஒரு நிருபர் என் நண்பனின் கடைக்கு வந்து, "தோற்கடித்ததற்காக வருத்தப்படுகிறீர்களா?" என்று கேட்டார். அவன் பிறந்ததே எழுபதுகளின் கடைசியில். "நான் ஏன் சார் வருத்தப்படணும்?" என்றான். மறுநாள் தலைப்பு: "இன்னும் குற்ற உணர்ச்சியில் விருதுநகர் மக்கள்". அவன் போட்டோவோடு!

இதே ஊர் தேசபந்து மைதானத்தில்தான் 1956இல் சங்கரலிங்கனார் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தார். அக்டோபர் 13 அன்று உயிரையும் விட்டார். அப்போது முதலமைச்சர் யார்? எங்கள் ஊர்க்காரர்தான். இரண்டு பேரையும் பெற்ற ஊர் இது. பெருமையும் வருத்தமும் எங்களுக்குள் எப்படிக் கலந்து கிடக்கிறது என்பதை எந்தச் சிறப்பு மலரும் எழுதியதில்லை. எழுதினால் படம் சரியாக அமையாது போல.

"என்ன இருந்தாலும் சொந்த ஊராச்சே" என்று கீழே ஒருவர் வருவார், தெரியும். ஐயா, 1941இல் அவர் சிறையில் இருக்கும்போதே நகராட்சித் தலைவராக்கிய சொந்த ஊர் இது. வெளியே வந்து அந்தப் பதவியே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் அவர். அம்மா வீட்டுக்கு நகராட்சி தனியாகப் போட்டுக்கொடுத்த குழாயைப் பிடுங்கச் சொன்னார் என்று மேடைக்கு மேடை உருகுகிறீர்களே, அவர் ஊருக்கென்று தனிச் சலுகை காட்டாதது பெருமை என்றால், ஊர் அவருக்கென்று தனிச் சலுகை காட்டாதது மட்டும் எப்படித் துரோகம்?

"பள்ளிக்கூடம் திறந்தார், மதிய உணவு போட்டார்" என்பீர்கள். அது தமிழ்நாடு முழுக்க அல்லவா! மதிய உணவு சாப்பிட்டது நாங்கள் மட்டுமா? சாதிக் கணக்கோடு வருகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பிளாக் மட்டும்தான்.

1985இல் காமராஜர் மாவட்டம் என்று பெயர் வைத்தீர்கள். 1997இல் சாதிக் கலவரம் வந்ததும் எல்லா மாவட்டத்தின் தலைவர் பெயரோடும் சேர்த்து அதையும் எடுத்தீர்கள். அன்றைக்கு இந்த நன்றிக்காரர்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள்? ஜூலை 15 காலையில் பத்துக் காரில் வருவார்கள், சிலைக்கு மாலை போடுவார்கள், ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். மத்தியானம் எண்ணெய் பரோட்டா, சாயங்காலம் மதுரையில் விமானம். போகிற போக்கில் எங்களுக்கு நன்றி இல்லை என்று ஒரு சான்றிதழ் வேறு.

கமெண்டில் எனக்கு வரலாறு சொல்லித்தர வருகிறவர்கள், 1967இல் உங்கள் தொகுதியில் யார் ஜெயித்தார் என்பதை முதல் வரியில் எழுதிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.