அல்பினில் அவசரமாக இ3 தள்ளாதீர்கள்

அல்பின் எதிர்காம்பிட் என்பது சதுரங்கத்தில் கறுப்பு ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து எதிர்த்தாக்கும் தொடக்கம் (1. டி4 டி5 2. சி4 இ5 3. டி-சிப்பாய் இ5-ஐ வெட்டும், டி4). “அதில் டி4-க்கு வந்து நிற்கும் கறுப்புச் சிப்பாயை 4-வது நகர்த்தலிலேயே இ3 தள்ளி உடைத்துவிட்டால் போதும்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். புதிதாக ஆடுபவர்கள் இதை நம்பினால் ராணியே போய்விடும்.

முதலில், அந்த டி4 சிப்பாய் இன்னும் முழுமையான பாஸ்டு பான் (எதிரிச் சிப்பாய் எதுவும் வழிமறிக்க முடியாத சிப்பாய்) ஆகவில்லை. வெள்ளையின் இ2 சிப்பாய் அதன் வழியைக் காக்கிறது. இ3 தள்ளினால் கறுப்பு பிஷப் பி4-ல் வந்து செக் வைக்கும். நீங்கள் டி2-ல் பிஷப்பை வைத்து மறைப்பீர்கள். கறுப்பின் டி4 சிப்பாய் இ3-ஐ வெட்டும். இப்போது ஆசைப்பட்டு பி4 பிஷப்பை வெட்டினால் கதை முடிந்தது: சிப்பாய் எஃப்2-ஐ வெட்டி செக். ராஜா அதை வெட்டினால் டி1 ராணி காலி. அதனால் இ2-க்கு ஏறுகிறார். சிப்பாய் ஜி1 குதிரையை வெட்டி, குதிரையாகவே மாறி மறுபடி செக்! யானையால் அதை எடுத்தால் கறுப்பு பிஷப் ஜி4-ல் செக். ராஜா விலகியதும் பின்னால் நிற்கும் ராணி போச்சு. இதுதான் லாஸ்கர் பொறி. ஜி1-ல் சிப்பாயைக் குதிரைக்குப் பதில் ராணியாக மாற்றினால் செக் விழாது. வெள்ளை முதலில் டி8-ல் ராணியை வெட்டி செக் வைத்துவிட்டு, பிறகு ஜி1-ஐ நிதானமாக எடுத்துக்கொள்ளும்.

பி4-ஐ வெட்டாமல் எஃப் சிப்பாயால் இ3-ஐ வெட்டினால் ராணி தப்பும், ஆனால் இ கோட்டில் இரட்டைச் சிப்பாய். பார்க்கவே சகிக்காது.

4-வது நகர்த்தலில் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்து டி4-ஐத் தாக்குங்கள். பிறகு ஜி3, பிஷப் ஜி2, காஸ்லிங். இ3 அதற்கப்புறம்.