அரிசி இருக்கிறது, அடுப்பு மூட்டத்தான் காசில்லை

பிரிட்டனில் வீட்டைச் சூடாக்கக் காசில்லாதவர்களுக்காகக் குளிர்காலத்தில் நூலகங்களையும் தேவாலயங்களையும் கதகதப்பான பொது இடங்களாகத் திறந்துவைப்பது பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முன்கூட்டியே காசு போட்டால்தான் கேஸும் மின்சாரமும் தரும் ப்ரீபேமென்ட் மீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

கிழக்கு லண்டனில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பை கொடுக்கும் ஓர் உணவு வங்கிக்குச் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகிறேன். 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு 11.1 சதவீதத்தைத் தொட்டது, 41 ஆண்டுகளில் இல்லாத அளவு. அந்தக் குளிரில்தான் உருளைக்கிழங்கு வேண்டாம் என்று சொல்பவர்களைப் பார்த்தேன். வேகவைக்க கேஸ் செலவாகுமாம். பருப்பும் திரும்பி வந்தது. அப்புறம், வெந்நீர் ஊற்றினாலே போதும் என்கிற நூடுல்ஸ், சூப் வகைகளைத் தனிப் பையாகக் கட்டிவைத்தோம்.

இந்த மீட்டரில் காசு தீர்ந்தால் யாரும் வந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டியதில்லை, தானாகவே நின்றுவிடும். நின்ற நாட்களுக்கும் அன்றாட நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பத்து பவுண்டு போட்டால் அந்தப் பாக்கிக்கே ஒரு பங்கு போய்விடும். எரிக்காத கேஸுக்கும் காசு! அதனால்தான் உணவுப் பையோடு மீட்டருக்கான வவுச்சரும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

நம்மவர்களில் வயதானவர்கள் உணவு வங்கிக்கு வரக் கூச்சப்படுகிறார்கள். கோயில் அன்னதானத்தில் அந்தக் கூச்சம் இல்லை, எல்லோரும் ஒரே பந்தி. அங்கேயே ஒரு மேசை போட்டு, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையான பென்ஷன் கிரெடிட்டுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் என்ன? எங்கள் பகுதிக் கோயிலில் கேட்டிருக்கிறோம், சரி என்றிருக்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு பேர்தான் இன்னும் கிடைக்கவில்லை.