பழைய விமானம் பறக்கத்தான் வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் ஒருவர் நம் விமானப்படையின் டகோட்டா என்ற பழைய போக்குவரத்து விமானத்தின் படத்தைக் காட்டி, "காயலான் கடைக்குப் போக வேண்டியதற்கு இத்தனை செலவா?" என்று கேட்டுச் சிரித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொறுத்துப் பார்த்தேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

பரசுராமா என்று பெயரிடப்பட்ட அந்த விமானம் பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு, 2018 ஏப்ரலில் தானே பறந்து இந்தியா வந்து சேர்ந்தது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய விபி 905 என்ற எண் கொண்ட அசல் விமானம் இதுவல்லவே என்பார்கள். அல்லதான், அந்த எண் நினைவுக்காக இடப்பட்டது, யாரும் அதை மறைக்கவில்லை. எனக்கு முக்கியம், அதைப் பறக்கவைக்கத் தெரிந்த கைகள்.

அருங்காட்சியகக் கூடத்தில் நிறுத்தும் விமானத்துக்கு வண்ணம் பூசினால் போதும். பறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி, அலுமினியத்தில் வெண்பொடியாகப் பூத்த அரிப்பையும் உலர்ந்து வெடித்த ரப்பர் குழாயையும் தேடிப் பிடித்தே தீர வேண்டும். என் அப்பா விமானப்படையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டராக இருந்தவர். ஒரு கண்காட்சியில் இறக்கைத் தகட்டின் மீது விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், தகடுகளைப் பிணைக்கும் ஆணியான ஒரு ரிவெட்டின் அருகே நிறுத்தினார். அதன் பின்னால் மை தீற்றியது போல் மெல்லிய கருங்கோடு. ரிவெட் தளர்ந்து, அதிர்வில் தகட்டோடு உரசி, அலுமினியப் பொடி கசிந்த தடம் அது என்றார். அருகில் நின்ற எனக்கு அதுவரை அது வெறும் அழுக்காகத்தான் தெரிந்தது.

பழுதான விமானத்தைப் பறக்கவைப்பது நமக்குப் புதிதும் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷார் வேண்டுமென்றே சேதப்படுத்திக் கான்பூரில் விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைப் பழுதுபார்த்து, பெங்களூருக்குப் பறக்கவைத்தவர்கள் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஊழியர்கள். 1948 முதல் 1968 வரை நம் விமானப்படையில் அவை பறந்தன. இன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்திலும் அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்திலும் நிற்கும் லிபரேட்டர்கள் நம்மிடமிருந்து போனவை. அவற்றைக் காயலான் கடைச் சரக்கு என்று அங்கே யாரும் சிரிப்பதில்லை.

2015இல் பிரிட்டனின் ஷோரமில் நடந்த விமானக் காட்சியில் ஹன்டர் என்ற பழைய போர் விமானம் சாலையில் விழுந்து 11 பேர் இறந்ததைச் சொல்வார்கள். அந்தத் துயரத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால், உயரமும் வேகமும் போதாமல் கரணம் அடித்ததே காரணம் என்று விசாரணை சொன்னது. சாகசத்துக்கான விதிகளைத்தான் இறுக்க வேண்டும். பறப்பதையே நிறுத்தினால் அறிவு போய்விடும். 14 ஆண்டுகள் தரையில் கிடந்து 2007இல் மீண்டும் பறந்த வல்கன் என்ற பிரிட்டனின் பழைய குண்டுவீச்சு விமானம், 2015இல் ஓய்ந்தது எதனால்? அதன் வடிவமைப்பை அறிந்த நிறுவனங்கள் தொழில்நுட்பப் பொறுப்பேற்பதிலிருந்து விலகிக்கொண்டதால்தான்.

செலவு, செலவு என்கிறார்கள். என் அப்பாவை வாழ்நாள் முழுவதும் உறவினர்கள் 'மெக்கானிக்' என்றே ஏளனமாக அழைத்தார்கள். விமானிக்கு மாலை போட்டவர்கள், அந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திட்டு அனுப்பியவரை ஒருமுறைகூட மேடைக்கு அழைக்கவில்லை. அந்தச் சிரிப்பில் எனக்குக் கேட்டது அதே ஏளனம்தான். டகோட்டாவில் கைவைத்த ஃபிட்டர்களில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. ஐடிஐ முடித்த பிள்ளைகளை இப்போதே அவர்களோடு ஒரு பழைய விமானத்தின் அருகே நிறுத்துங்கள். கழற்றட்டும், பூட்டட்டும், பறக்கவிடட்டும்.