மெக்கன்சி டைக்குகள்: எல்லாம் கீழிருந்து மேலே அல்ல

பாறைப் பிளவில் சுவர் போல இறுகிய டைக்குகளில் பாறைக்குழம்பு எப்போதும் நேர் கீழிருந்துதான் ஏறி வந்திருக்கும் என்று டைக்குகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முடிக்கிறது. அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. கனடாவின் மெக்கன்சி டைக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 127 கோடி ஆண்டு பழையவை, வடக்கே ஒரு மையத்திலிருந்து விசிறி போல 2,000 கிலோமீட்டருக்கு மேல் விரிகின்றன. 1992இல் புவியியலாளர்கள் எர்ன்ஸ்டும் பராகரும் அவற்றின் காந்த அமைப்பை அளந்தார்கள். மையத்திலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வரை ஓட்டம் செங்குத்து. அதைத் தாண்டினால் கிடைமட்டம்!

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? குழம்பு ஓடும்போது நீளமான துகள்கள் ஓட்டத்தை ஒட்டிச் சாய்கின்றன. அதனால் பாறை ஒரு திசையில் சற்றே எளிதாகக் காந்தமேறும். வித்தியாசம் பல நேரம் சில சதவீதம்தான். டைக்கின் இரு ஓரங்களிலும் துகள்கள் நடுப்பக்கம் சரிந்து அம்புமுனை போலக் கூடும். அந்த முனை காட்டுவதே ஓடிய திசை. ஓரத்து மாதிரி இல்லாவிட்டால் ஓட்டத்தின் கோடு தெரியும், எந்தப் பக்கம் ஓடியது என்பது தெரியாது.

சரி, இதிலும் வில்லங்கம் உண்டு. மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமத்தின் துகள் மிக நுண்ணியதாக இருந்தால் நீள அச்சுக்குக் குறுக்கேதான் எளிதாகக் காந்தமேறும், விடை 90 டிகிரி புரண்டுவிடும். அப்புறம், மாதிரி எடுக்கும் இடத்தில் பாறையே திசைகாட்டி முள்ளை இழுத்துவிடும் என்பதால் சூரிய நிழலை வைத்துத் திசை குறிப்பார்கள். காந்தத்தைப் படிக்கப் போய் காந்த ஊசியை நம்ப முடியாத நிலை!