இரண்டு செம்புத் தண்ணீர்

போன சித்திரையில் ஒரு மத்தியானம் அப்பத்தா எங்கள் செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியான இரண்டாங்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வயது 81. டாக்டர் நாக்கைப் பார்த்தார், கையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "ஆச்சி, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்றார். "தாகம் எடுத்தால்தானே தம்பி குடிப்பது?" என்றார் அப்பத்தா. வயதானால் தாக உணர்வே மங்கிவிடும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். போதாததற்கு, இரத்த அழுத்தத்துக்கு அவர் போடும் மாத்திரை சிறுநீரை அதிகம் போக வைக்கும் வகை.

வீட்டுக்கு வந்ததும் அவருடைய பித்தளைச் செம்பை அளந்தேன். 400 மில்லி. அண்ணாந்து குடிப்பது நாளைக்கு இரண்டு செம்பு. மற்றபடி காப்பி, ரசம், மோர்.

தண்ணீரின் அருமை தெரியாத ஊரா இது? நாலு பக்க ஓட்டுக்கூரையும் வளவு முற்றத்தை நோக்கித்தான் சரிகிறது. மழை பிடித்தால் முற்றத்தில் அண்டாவும் கிடாரமும் வரிசையில் நிற்கும். குடிதண்ணீர் ஊருணியில் யாராவது காலை நனைத்துவிட்டால் ஊரே சண்டைக்கு வரும். கலங்கல் தண்ணீர் தெளியக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்தவர்கள் நாம். காரைக்குடிக்காரரிடம் அந்த ஊர்க் குடிதண்ணீர் ஊற்றான சம்பை ஊற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் விடமாட்டார். இத்தனை பாடுபட்டுச் சேர்த்துவிட்டுக் குடிப்பதில் மட்டும் கருமித்தனம்.

அண்ணன் மகன் செல்போனில் ஒரு செயலி வைத்திருக்கிறான். மணிக்கொரு தரம் கூவும். எட்டு டம்ளர் கணக்கு. அந்த எட்டு டம்ளருக்கு 1945-இல் அமெரிக்க நிபுணர் குழு சொன்ன இரண்டரை லிட்டரைத்தான் மூலமாகக் காட்டுகிறார்கள். அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வரி மட்டும் காணாமல் போய்விட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஆண்களுக்கு இரண்டரை, பெண்களுக்கு இரண்டு லிட்டர் என்றதும் உணவில் உள்ள நீரையும் சேர்த்துத்தான். அமெரிக்காவிலேயே பெரியவர்கள் குடிக்கும் வெறும் தண்ணீர், 2015-18 கணக்கெடுப்பின்படி, சராசரியாக நாளைக்கு 1.3 லிட்டர்தான். அங்கேயும் முதியவர்கள்தான் குறைவாகக் குடிக்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் உழைப்பவருக்கு எட்டு டம்ளர் எந்த மூலைக்கு? இதயமோ சிறுநீரகமோ பழுதானவருக்கு அதுவே அதிகமாகவும் போகலாம். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்பதே எனக்கு ஒப்பவில்லை.

அக்கா தேவகோட்டையிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறும் நாளில் மத்தியானத்துக்குமேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். ஆண்கள் சாலையோரம் ஒதுங்கிவிடுவோம். அவள் எங்கே போவாள்? சென்ற வாரம் ஒரு கல்யாணம். இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருந்தார்கள், பெரிய மனது. பெண்கள் பக்கம் இருந்த ஒரே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அத்தை பாட்டிலைத் திறக்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். 'தண்ணீர் குடியுங்கள்' என்று இவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பத்தா கதையும் தாகத்தோடு முடியவில்லை. தலைமாட்டில் நான் வைக்கும் செம்பு காலையில் அப்படியே நிறைந்திருக்கும். நாலாம் நாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "குடித்தால் ராத்திரியில் எழுந்து பின்கட்டுவரை யார் போவது? வழியில் நாலு நிலைப்படி. விழுந்தால் நீயா தூக்குவாய்?" என்றார்.

இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. கழிப்பறை கடைசியில். நாற்பது வருடமாக இதில் இருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாங்கட்டு அறை ஒன்றைக் கழிப்பறை ஆக்கலாம் என்றேன். "தாத்தா பதித்த ஆத்தங்குடிக் கல்லை உடைப்பதா?" என்று அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்து அளவெடுத்துப் போனார். உடையாமல் எத்தனை கல்லை எடுக்கலாம் என்று அண்ணன்தான் அவர் கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.